நோயாளியாக நடித்த அம்மாவுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் உடன் பயிலும் தோழர்களுக்கும் வணக்கம்.

நேற்று திறன் பயிற்சிக் கூடத்தில், பொம்மை நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் பயிற்சியின்போது நான் கலங்கி அழுததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. கீட்டோஅசிடோசிஸில், அதாவது இன்சுலின் குறைவால் இரத்தம் அமிலமாகும் சர்க்கரை நோயின் அவசர நிலையில், இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவாக இருந்தால் உடனே இன்சுலினைத் தொடங்கக் கூடாது என்பது எனக்கு மனப்பாடமாகவே இருந்தது. கட்டிலில் கிடப்பது பொம்மை என்று தெரிந்தும் மானிட்டர் அலறியதும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்பதைத்தான் யாரும் சொல்லியிருக்கவில்லை. அழுது முடிக்கும்வரை கலந்துரையாடலைத் தள்ளிவைத்த பேராசிரியருக்கும், தண்ணீர் கொடுத்த சிஸ்டருக்கும், விடுதியில் சாப்பாடு எடுத்துவைத்த தோழிகளுக்கும் என் நன்றி.

இம்மடலை எழுதவைத்தவர், பிற்பகலில் நோயாளியாக நடிக்க வந்த ஓர் அம்மா. சர்க்கரை நோய்க்கு மாத்திரைகள் போதவில்லை, இன்சுலின் தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல, அவர் மறுக்க வேண்டும் என்பதே பயிற்சி. "ஊசின்னா கடைசிக் கட்டம்தானே டாக்டரம்மா?" என்று அவர் கேட்டபோது, அது சொல்லிக்கொடுத்த வசனமா சொந்தக் கவலையா என்று பிரித்தறிய முடியாமல் எனக்குப் பேச்சே வரவில்லை. நேரம் முடிந்ததும் அவர் கிளம்பியிருக்கலாம். மாறாக, தமக்கும் பல ஆண்டுகளாகச் சர்க்கரை என்று சொல்லி, பையிலிருந்த குளுக்கோமீட்டரை எடுத்துப் விரலில் குத்தும் புது லான்செட் ஊசியைப் பொருத்தி, என் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல குத்தாத கண்ணு, வலிக்கும், ஓரமா குத்தணும்" என்று காட்டிக்கொடுத்தார். 94 என்று வந்ததைப் பார்த்து அவர் மகிழ்ந்த மகிழ்ச்சி என் தாயின் மகிழ்ச்சி போலவே இருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இன்சுலின் குப்பியை டப்பாவில் மூடி மண்பானைத் தண்ணீரில் வைத்துக் காத்ததையும் சொன்னார்.

2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் கட்டாயமாக்கிய திறன் பயிற்சிக் கூடத்தை, கைப்பழக்கத்துக்கான இடம் என்றே பலரும் கருதினோம். அங்கே எவருக்கும் தீங்கு நேராமல் அஞ்சவும் கலங்கவும் முடிகிறது என்பதை இப்போது பெரிய கொடையாக எண்ணுகிறேன். அந்தக் கொடைக்கு விலை கொடுப்பவர் ஒருவர் உண்டு: தம் வாழ்வில் ஒருமுறை கேட்டுக் கலங்கிய செய்தியை, ஒவ்வொரு அணி மாணவருக்காகவும் அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறார்.

இனி யாருக்கு இன்சுலின் எழுதினாலும், அளவை எழுதுமுன் அவருடைய அச்சம் என்ன, குப்பியை எங்கே வைப்பார், யார் ஊசி போடுவார் என்று கேட்பேன். கடைசிக் கட்டமா என்று அவர் கேட்டால், கணையம் போதுமான அளவு சுரக்காததை வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்று அவருக்குப் புரியும்வரை உட்கார்ந்து சொல்வேன்.

நன்றியுடன்,
இறுதியாண்டு மருத்துவ மாணவி