மூக்குப்பேணி தேடிப் போன கதை

கல்லடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மச்சான்,

பதில் பிந்தியதற்குக் காரணம் நீதான். போன கடிதத்தின் அடியில், போகிற போக்கில், “ஒரு மூக்குப்பேணி, அந்த மூக்கு வைத்த பித்தளைத் தண்ணீர்ப் பேணி, கண்ணில் பட்டால் எடுத்து வை” என்று எழுதியிருந்தாய். பேணி இல்லாமல் பதில் போட்டால் அடுத்த கடிதத்திலும் அதையேதான் கேட்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் எடுத்த பிறகே எழுதுவது என்று இருந்துவிட்டேன். சரி, எடுத்தாயிற்று. மூன்று கிழமை போனது, பெட்ரோலுக்குக் காசு போனது, உன் தங்கச்சி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஏற்கெனவே எங்கள் விறாந்தையை அவள் பழைய இரும்புக் கடை என்றுதான் சொல்லுவாள்.

பென்ஷன் எடுத்த பிறகு பிடித்த பைத்தியம் என்று அவள் நினைப்பு. இல்லை மச்சான், இது 2004 டிசம்பரில் பிடித்தது. கடல் வந்து போன நான்காம் நாள் வீட்டைப் பார்க்கப் போனேன். இரண்டு சுவர்தான் நின்றது. அம்மம்மாவின் வெற்றிலை வட்டா மூன்று வளவு தள்ளி ஒரு பனையடியில், பாதி மண்ணுக்குள் கிடந்தது. அவவுடைய பெட்டகம் 1978 சூறாவளிக்கே போய்விட்டது, உனக்குத் தெரியும். கூரை பறந்த அந்த இரவு நாம் இரண்டு பேரும் உங்கள் வீட்டு மேசைக்குக் கீழேதானே கிடந்தோம். வட்டாவைக் கழுவிக் கையில் எடுத்தபோது, அவ பாக்கை எந்தப் பக்கம் வைப்பா, சுண்ணாம்பு விரலை எந்த விளிம்பில் துடைப்பா என்பதெல்லாம் அப்படியே நினைவு வந்தது. விளிம்பில் அந்த இடம் மட்டும் தேய்ந்திருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் தட்டுமுட்டுச் சாமான் பக்கம்தான் போகும்.

நம் பக்கத்தில் பழசு தேடுவது கொழும்பில் தேடுவது போல் இல்லை. அங்கே கடை இருக்கிறது, கண்ணாடி அலுமாரி இருக்கிறது, விலைச்சீட்டு தொங்குகிறது. இங்கே சூறாவளியும் சண்டையும் கடலும் ஒன்று மாறி ஒன்று எடுத்ததில் மிஞ்சியதுதான். இடம்பெயர்ந்து ஓடுகிறவன் பிள்ளையைத் தூக்குவானா, குத்துவிளக்கைத் தூக்குவானா? மிஞ்சியதையும் இப்போது ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோக்காரர்கள் படலைக்கே வந்து நிறுத்து எடுக்கிறார்கள். பாட்டன் காலத்து வெற்றிலை துப்புகிற படிக்கமும் உடைந்த பைப்பும் தராசுக்கு ஒன்றுதான். இரண்டும் உருக்கத்தான் போகிறது.

முதலில் மட்டக்களப்பு டவுனில் சுற்றினேன். கோட்டைப் பக்கம் ஒருவர் மெல்ல வந்து, கைலேஞ்சியை அவிழ்த்து, ஒல்லாந்தர் காசு என்று ஒன்றைக் காட்டினார். வி, ஓ, சி மூன்று எழுத்தும் பின்னிய முத்திரை சரியாகத்தான் இருந்தது. கீழே 1638 என்று போட்டிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்த வருஷம் அது. அந்தக் கம்பனியின் முத்திரை போட்ட செப்புச் சல்லி 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. காசு வார்த்தவன் சரித்திரப் புத்தகத்தைத் திறந்து, நல்லதாக ஒரு வருஷம் பார்த்துப் போட்டிருக்கிறான்! ஓரத்தை நகத்தால் தடவினால் இரண்டு அச்சும் பொருந்திய கோடு நெருடியது. அடித்த காசில் அது வராது, வார்த்த காசில்தான் வரும். “வேண்டாம் அண்ணன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மையான காசாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். 1815 மார்ச் 2-க்கு முந்திய பொருள் என்றால் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. உனக்காக இந்த வயதில் மறியலுக்குப் போக நான் தயாரில்லை.

அப்புறம் யாரோ சொன்னார்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மண்டூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நிறையப் பழைய சாமான் கிடக்கிறது என்று. போன ஞாயிறு விடியவே வெளிக்கிட்டேன். குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி அக்கரைக்குப் போனேன். (பாதை என்றதும் உன் பிள்ளைகள் ரோட்டைத்தான் நினைப்பார்கள். தண்ணீரில் மிதக்கிற பாதை என்று சொல்லிக்கொடு.) மண்முனைக்குப் பாலம் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, இங்கே இன்னும் பாதைதான். வாவியின் நடுவில் எஞ்சின் சத்தத்தையும் மீறி ஒரு கிழவி வெற்றிலை இடிக்கிற சத்தம் கேட்டது. பாக்குரலைப் பார்த்தேன். பித்தளை, நல்ல பழசு, அடி தேய்ந்து வட்டமாகிவிட்டது. கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பாவிக்கிற சாமானைக் கேட்கக்கூடாது என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மண்டூரில் கோயில் வாசலில் இறங்கிக் கும்பிட்டேன். கப்புகனார் வாயைச் சீலையால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற அதே ஒழுங்கு இன்றைக்கும்.

அந்த வீட்டில் பேணி இல்லை. படிக்கமும் இல்லை. நெல் அளக்கிற மரைக்கால் ஒன்று இருந்தது, அதிலே கோழி அடைகிடந்தது. கிலோ வந்த பிறகு மரைக்காலுக்குக் கிடைத்த பென்ஷன் அதுதான் போலிருக்கிறது. கிளம்பலாம் என்று எழும்பியபோது, விறாந்தை மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த தையல் மெஷினைக் கண்டேன். மெஷின் சாதாரண மெஷின்தான். ஆனால் கீழே, காலால் மிதிக்கும்போது சுற்றுகிற பெரிய சக்கரத்தோடு ஒட்டினாற்போல் ஒரு சைக்கிள் டைனமோ பொருத்தியிருந்தது. தகரத்தை வளைத்து, நான்கு ஆணி அறைந்து, தேவையில்லாத நேரம் டைனமோவை விலக்கி வைக்க ஒரு சுருள் கம்பியும் போட்டிருந்தது. அதிலிருந்து இரண்டு வயர் மெஷின் பலகைக்கு அடியால் போய், தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த ஒரு சின்னப் பெட்டிக்குள் இறங்கியது. பெட்டியின் முகத்தில் பழைய பனியன் துணி ஒட்டியிருந்தது. ஸ்பீக்கர் துணியாம்.

அந்த வீட்டு ஐயாவுக்கு எண்பது இருக்கும். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். 2007 வரைக்கும் அந்தப் பக்கம் புலிகள் இயக்கத்தின் கையில்தானே. பற்றரி வவுணதீவுச் சோதனைச்சாவடியைத் தாண்டி வருவது லேசில்லை. மற்றவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டார்கள். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. மனுஷி எப்படியும் இரவில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு தைக்கத்தான் போகிறா, அந்தக் காலை ஏன் வீணாக்குவது என்று யோசித்திருக்கிறார். டைனமோவில் வருகிற கரண்ட் முன்னும் பின்னும் ஓடுகிற கரண்ட், ரேடியோவுக்கு அது ஆகாது. பழுதான ரேடியோவிலிருந்து நான்கு டயோட் கழற்றி அதை ஒருபக்கமாக ஓடவைத்தாராம். அதற்குப் பிறகும் ‘கூ’ என்று இரைந்துகொண்டே இருந்ததாம். பெரிய கெப்பாசிட்டர் ஒன்று கிடைக்க எட்டு மாதம் பிடித்தது என்றார். எட்டு மாதமும் இரைச்சலோடேயே பிபிசி தமிழோசை கேட்டிருக்கிறார்கள்.

“அவள் மிதிச்சாத்தான் லண்டன் பேசும் தம்பி. கால் நிண்டா லண்டனும் நிண்டிரும்” என்றார் ஐயா.

குசினிக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தா: “நூல் அறுந்தா நிப்பாட்டாம என்ன செய்யிற?”

“ஒவ்வொரு நாளும் நூல் அறுமா?”

அவ வெளியே வந்து, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னா: “எங்கட ஊர்ப் பேர் வரப்போகுதெண்டு தெரிஞ்சா நூல் அறுந்திரும் தம்பி.”

ஐயா பேசாமல் இருந்தார். இத்தனை வருஷமாக அவருக்கு இது தெரியுமா, அன்றுதான் தெரியவந்ததா, நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, வெட்கத்தை விட்டு விலை கேட்டேன். கணக்காவது மண்ணாவது, அந்த மெஷினைப் பார்த்தால் நீயும் கேட்டிருப்பாய். அம்மாதான் பதில் சொன்னா: “வித்துப்போட்டு மறுகா நாங்க என்னத்துக்குச் சண்டை பிடிக்கிற?” எனக்காக ஒரு தரம் மிதித்துக் காட்டினா. பெட்டி கரகரத்தது. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பை 2017-இல் நிறுத்திவிட்டார்களே, ஊசியை இழுத்து இழுத்துப் பார்த்தும் ஒரு தமிழ்க் குரலும் வரவில்லை. எங்கேயோ ஒரு பாஷையில் ஒருவன் பாடினான். மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

வெறுங்கையோடு திரும்பினேன் என்று நினைக்காதே. கரையேறி வருகிற வழியில், தெருவோரம் ஒரு பழைய இரும்புக் கடை. இடம் எழுத மாட்டேன், உன் மூலம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அலுமினியச் சட்டிக் குவியலுக்கு அடியில் ஒரு மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் உன் பேணி. கடைப் பொடியன் நிறுத்துத்தான் காசு கேட்டான். பித்தளை நிறைக்கு மேலே ஐந்நூறு ரூபா கூட வைத்துக் கொடுத்தேன். அவனுக்கு என்னைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

இனி அதன் லட்சணத்தைக் கேள். உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை வயிறு, சின்ன வாய், கிளி மூக்குப் போல் ஒரு குழாய். சுண்டினால் ‘டக்’ என்று உடனே அடங்கிவிடுகிறது, ஆகவே பித்தளை. வெண்கலமென்றால் மணி போல் கொஞ்ச நேரம் பேசும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் முலாம் பூசின இரும்பும் இல்லை. மூக்கு வயிற்றில் சேருகிற இடத்தில் யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒழுகியும் எறியாமல் ஒட்டிப் பாவித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். அடியைத் திருப்பினால் புள்ளி புள்ளியாகக் குத்தி ‘பூ. க.’ என்று எழுத்து. கலியாண வீட்டுக்கு இரவல் போன சாமான் மாறிப்போகாமல் திரும்பி வர முந்தி எல்லா வீட்டிலும் குத்துவார்களே, அதுதான். இந்தப் பூ. க. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இரவல் வாங்கினவர் திருப்பிக் கொடுக்கவில்லை போலும்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. வாய் படாமல் குடிக்க வைத்த பாத்திரம் என்று நாம் பெருமையாகச் சொல்லுவோம். சுத்தம்தான். ஆனால் இந்தப் பேணி திண்ணை வரைக்கும்தான் வரும். வாசலில் நின்றவர்களுக்குச் சிரட்டையில் ஊற்றின வீடுகளை நாம் இரண்டு பேரும் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். ஷோகேசில் வைக்கும்போது பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் சொல்லு.

பேணியைத் தபாலில் அனுப்ப மாட்டேன். சட்டத்துக்குப் பயந்து இல்லை, அது அவ்வளவு பழசும் இல்லை. நீ வந்து எடு. அந்தச் சாட்டிலாவது ஒருக்கா வருவாய். அதுவரைக்கும் புளி போட்டு மினுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். உன் தங்கச்சி கையில் புளியோடு இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டாள்.

இனி முக்கியமான விஷயம். பேணியோடு அந்தப் பொடியன் ஒரு மரத்துண்டைச் சும்மா தந்தான். ஒரு சாண் நீளம், நல்ல வைரம், கறுத்துப்போயிருக்கிறது. ஒரு முனை நாக்குப் போல் தட்டை. நடுவில் சதுரத் துளை. துளையின் ஒரு பக்கம் மட்டும் கயிறு ஓடி ஓடிக் கண்ணாடி போல் வழுவழுப்பு. முதுகில் வரிசையாக ஒன்பது வெட்டு. கையால் செய்ததுதான், கத்தித் தடம் தெரிகிறது. வலைக்காரர் ஒருவரிடம் காட்டினேன், வலைச் சாமான் இல்லை என்றார். மருதமுனைத் தறிக்காரர் ஒருவர் முகர்ந்தே பார்த்துவிட்டு, தறியில் இப்படி ஒன்றும் இல்லை என்று தந்துவிட்டார். கொம்புமுறி விளையாட்டுக்கு வடம் கட்டுகிற கட்டையாக இருக்கலாம் என்றார் ஒரு பூசாரியார், ஆனால் அதற்கு இது சின்னது. காத்தான்குடி நூதனசாலையிலும் ஒரு சுற்றுச் சுற்றினேன், இதைப் போல் கண்ணில் படவில்லை. இரவில் படுத்தால் அந்த ஒன்பது வெட்டுத்தான் நினைவில் வருகிறது. எதையோ ஒன்பது தரம் எண்ணியிருக்கிறார்கள்.

எனக்கு என்னவோ நெல் சூடடிக்கிற சூட்டுக்களத்துச் சாமான் என்று ஒரு எண்ணம். அப்படியென்றால் தெரிந்த ஆள் நமக்கு மிஞ்சியிருப்பது மாமிதான். வயலும் களவெட்டியுமாக வளர்ந்தவ அல்லவா. இத்துடன் பேப்பரில் அளவோடு கீறி வைத்திருக்கிறேன், துளையையும் வெட்டையும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறேன். காலை வேளையில், அவவுக்குக் காது மெஷினைப் போட்டுவிட்டு, கையில் கொடுத்துக் கேள். அவசரப்படுத்தாதே. என்ன சொன்னாலும், என்னைத் திட்டினாலும்கூட, சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுது.

இப்படிக்கு,
பள்ளிக்கூட வாங்கில் உன் இடப்பக்கம் இருந்தவன்