பதினைந்து வயதுக்கு நாவல் வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது என்றெல்லாம் 2024-இல் பரிந்துரைத்தது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் பையன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வான். அடுத்தவன் வலி அவனுக்கு உறைக்கக் கதை வேண்டும்.

மில்ட்ரெட் டெய்லர் என்ற கறுப்பின எழுத்தாளர் 1976-இல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலை, ஏற்காட்டில் வேலை பார்த்தபோது ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழில் சொன்னேன். 1933, மிசிசிப்பி. கறுப்பினப் பள்ளியில் ஆறு வயதுப் பையன் கைக்குப் புத்தகம் வருகிறது. அழுக்கேறிய பழைய புத்தகம். உள்ளட்டையில் ஓர் அட்டவணை: எந்த வருடம் கொடுத்தது, புத்தகத்தின் நிலை, வாங்கிய பிள்ளையின் இனம். வரிசையாக வெள்ளைப் பிள்ளைகள். நிலை 'மிக மோசம்' என்று ஆன பிறகுதான் இவன் இனம், அதுவும் இழிசொல்லாக. பையன் புத்தகத்தை வீசி மிதிக்கிறான்.

மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் சொன்னாள்: "ஸ்காலர்ஷிப்புக்கு எங்களையும் சாதி சொல்லித்தானே டீச்சர் எழுந்து நிக்கச் சொல்றாங்க." அப்படி ஒருநாளும் நின்றிராத ஒரு பையன் கேட்டான்: "முன்னாடி அந்த புக்க வச்சிருந்த வெள்ளைக்காரப் பசங்க, அடுத்து அது யாருக்குப் போகும்னு நினைச்சிருப்பாங்களா?" நீதிபோதனை வகுப்பு எதிலும் இந்தக் கேள்வி எழுந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் தருகிறது. நல்ல முயற்சி, மனமாரப் பாராட்டுகிறேன். அதற்கு மேல்? ஒன்பதாவது, பத்தாவது வந்தால் நம் பிள்ளைகள் கையில் கைடு மட்டும்தான். கவுண்டர் வீட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் சிறுவனின் கதை பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. நம் பக்கத்துப் பேச்சில், நம் பக்கத்து மேட்டுக்காட்டில் நடக்கிறது. பதினைந்து வயதில் தாராளமாகப் படிக்கலாம். பெரியவர்களுக்கான நாவல் என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை.

வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் சேலம் மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் வளரிளம் பருவத்தினருக்கென்று தனி அலமாரி வைத்து, இத்தகைய நாவல்களை வாங்க வேண்டும். எங்கள் பகுதி நூலகத்தில் தொடங்குவதென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க நான் தயார்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.