டீக்கு மட்டும் பில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இமிகிரேஷனில் என்ன கேட்பார்கள் என்பதை ஏஜென்டே சொல்லி அனுப்பிவிடுகிறார். விமான நிலையக் கடையில்தான் வாயடைத்து நிற்கிறார்கள். டீ கேட்ட ஒரு பெண்ணுக்கு பிஸ்கட்டும் சேர்த்து 'காம்போ' என்று பில் போட்டுவிட்டார்கள். பேசாமல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது என் முதல் பாடமே 'ஒன்லி டீ, நோ காம்போ, ப்ளீஸ்' என்பதுதான். அடுத்தது, 'எம்.ஆர்.பி. எவ்வளவு?' காலி பாட்டில் கொண்டுபோய், சோதனை முடிந்ததும் உள்ளே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளவும் சொல்கிறேன். (இது ஆங்கிலப் பாடமா என்று கேட்காதீர்கள்!)

2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் திறந்த 'உடான் யாத்ரி கஃபே' என்ற மலிவு விலைக் கடையில் டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20. நல்ல காரியம். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவது பன்னாட்டு முனையத்தில். அங்கேயும், பாதுகாப்புச் சோதனை தாண்டிய பகுதியிலும், இந்த விலையில் கடை வேண்டும். விலைப்பலகை தமிழிலும் இருக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, மணப்பாறை