குமரனா, குமாரனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் சுருக்கிச் சுருக்கி எழுதித்தான் பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போனது என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். மஞ்சக்குப்பத்தில் முப்பத்தைந்து வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சுருக்குவது புதுசா என்ன? தந்திக்குச் சொல்லை எண்ணித்தான் காசு வாங்கினார்கள். 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு' என்பதற்கு மேல் யாரும் எழுதியதில்லை. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோகும் வரை அப்படித்தான். அதனால் யாருக்கும் மொழி மறந்துவிடவில்லை.

என் புகார் வேறு. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்களே, அது.

இப்போது பத்திரிகை வாசகத்தை யாரும் தாளில் எழுதிக்கொண்டு வருவதில்லை, வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. போன தை மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு ஆர்டர். மாப்பிள்ளையின் அப்பா பெயர் கே, யு, எம், ஏ, ஆர், ஏ, என். எங்கள் டிடிபி பெண் 'குமாரன்' என்று அடித்தாள். ப்ரூஃபைப் போனிலேயே அனுப்பினோம். பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. சரி என்று 400 பத்திரிகை அடித்துக் கட்டி வைத்தால், வாங்க வந்த பெரியவர் முதல் பத்திரிகையைப் பிரித்ததுமே முகம் சுருங்கிப் போனார். "என் பேரு குமரனுங்க. குமாரன் எங்க பெரியப்பா மகன்." அந்தப் பெரியப்பா வீட்டோடு பேச்சுவார்த்தையே கிடையாதாம்! மறுபடி அடித்த செலவை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டோம்.

நான் தொழில் கற்றது ஈய எழுத்தில். அச்சுக் கோர்க்கும் பெட்டியில் ந, ண, ன மூன்றுக்கும் தனித்தனிக் குழி. கை தப்பான குழிக்குப் போனால் ஃபோர்மேன் ஸ்டிக்காலேயே தட்டுவார். எட்டாவதோடு நின்றவனுக்கு எழுத்து விரல் வழியாகத்தான் ஏறியது. இன்றைக்கு விரலுக்கு அந்த வேலையே இல்லை. மூன்றுக்கும் 'என்' ஒன்றுதான். ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் 'எல்'தான். குறில் நெடிலை யாரும் பார்ப்பதில்லை.

போனோடு போய்விட்டால் பரவாயில்லை. ஒரு பழக்கடைக்காரர் மகன், பிளஸ் டூ படிக்கிறவன், ஃப்ளெக்ஸுக்கு வாசகத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்தான்: 'பண்ருட்டி பலாபலம்'. கேட்டால், "படிக்கிறப்ப பழம்னுதானே சார் படிப்பாங்க" என்றான். பலாபலம் என்றால் பலமும் பலவீனமும் என்று அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான்.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்ததும் அவன் இல்லை, நாம்தான். பட்டன் போன் காலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழ் என்றால் 70தான், அதுவும் பாதிப் போன்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். வேறு வழியில்லாமல் ஆங்கில எழுத்துக்குப் போனோம். இப்போது போனிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது, எழுத்தை எண்ணிக் காசும் கேட்பதில்லை. ஆனாலும் என் வயதுக்காரர்கள் பேரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தை ஆங்கில எழுத்தில்தான் அனுப்புகிறார்கள். ஏன், நானே மகளுக்குச் 'சாப்பிட்டாயா' என்று கேட்பது அந்த எழுத்தில்தான்.

தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் தாத்தாவின் முதலாண்டு அஞ்சலிக்கு முழுக்கத் தமிழிலேயே அடித்து அனுப்பியிருந்தான். 'கடலுக்குப் போன நாளெல்லாம் திரும்பி வந்தாய் தாத்தா' என்று ஒரு வரி. 'கண்ணீர் கடலில் ஆழ்த்திவிட்டு' என்று வழக்கமாகப் போடும் வரியை அன்றைக்கு நான் சேர்க்கவில்லை. அவன் எழுதியதில் ஒரே ஒரு ள-வைத்தான் திருத்தினேன்.

கடையில் இப்போது ஒரு பலகை மாட்டியிருக்கிறேன்: 'பெயர்களைத் தமிழில் எழுதி அனுப்பவும்.' அதற்கு அப்புறம் வந்த முதல் ஆர்டரில், எழுதுவானேன் என்று பெயர்களை எல்லாம் குரல் பதிவில் சொல்லி அனுப்பிவிட்டார் ஒருவர். குறில் நெடில் நன்றாகவே கேட்டது. வல்லியா வள்ளியா என்பதுதான் நாலு முறை கேட்டும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.