கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகனின் கேமிங் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவிய பின் எந்த விளையாட்டும் சரியாக ஓடாததால் பழுதுபார்ப்புக் கடைக்குக் கொண்டு சென்றோம். திரையில் படங்களைக் காட்டும் பாகமான கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து, கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் வசதியான டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது, கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தது. உரிய டிரைவர் நிறுவப்படவே இல்லை என்பதே அதன் பொருள். கார்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அதை இறக்கி நிறுவியதும் எல்லாம் சீரானது.

டிரைவர் என்பது இயங்குதளத்தின் கட்டளையை வன்பொருளுக்குப் புரிய வைக்கும் மென்பொருள். அதில் பிழை நேர்ந்தால் கணினியே நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும் என்பதால், ‘உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன’ என்று மிரட்டும் விளம்பரங்களை நம்பி எதையும் நிறுவக் கூடாது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய நிறுவனங்கள் தங்கள் தளங்களில் இவற்றை இலவசமாகவே தருகின்றன. புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால், டிவைஸ் மேனேஜரிலேயே உள்ள ‘ரோல் பேக் டிரைவர்’ வசதியால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், டிவைஸ் மேனேஜரில் செய்யும் இச்சோதனையைப் படங்களுடன் விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்