உப்புவெளியில் ஓவியக் கண்காட்சி வைக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன்னுடைய நீளமான வொய்ஸ் மெசேஜைக் கேட்டேன். கெஸ்ட் ஹவுஸின் முன் மண்டபத்தில் கிடந்த கட்டில்களை எடுத்துவிட்டேன், இனி அங்கே மாதம் ஒரு ஓவியக் கண்காட்சி, முதல் திறப்பு விழாவுக்கு யாரையெல்லாம் பிரதம விருந்தினராகக் கூப்பிடலாம், பட்டியல் ஒன்று அனுப்புங்கோ அக்கா என்றாய். பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் அலஸ்தோட்டம் தொடங்கி நிலாவெளி வரை கடற்கரையில் இடம் வைத்திருக்கிற இன்னும் சிலருக்கும் இதே ஆசை வந்திருக்கிறது. எல்லாருக்கும் தனித்தனியே சொல்ல இந்தச் சித்திர ரீச்சருக்குப் பழைய தொண்டை இல்லை.

பிரதம விருந்தினர் வேண்டாம். அவ்வளவுதான் பட்டியல்.

ஏன் என்று கேட்பாய். எங்கள் ஊரில் நான் போன திறப்பு விழாக்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நகரத்து மண்டபத்தில் நடப்பது. அழைப்பிதழில் மூன்று மணி என்று இருக்கும், விருந்தினர் வரும்போது நாலரை. அதுவரைக்கும் படங்கள் இருக்கிற அறை பூட்டு. ரிபன் வெட்டாமல் யாரும் உள்ளே போகக் கூடாதாம். பிறகு மாலை, மங்கல விளக்கு, காற்றில் அணைகிற திரியைத் திரும்பத் திரும்பக் கொளுத்துதல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை. ஒரு தடவை நன்றியுரை முடிகையில் நன்றாக இருட்டிவிட்டது. சனம் படங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியது. அடுத்த நாள் முகநூலில் வந்த போட்டோக்களில் எல்லாரும் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கீறின பிள்ளை எங்கே என்று தேடினால், பின்னால் பிளாஸ்டிக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தது.

மற்றது கடற்கரை ஹோட்டலில் நடப்பது. அங்கே உரை இல்லை, அது நிம்மதி. ஆனால் வாசலில் செக்கியூரிட்டி, உள்ளே வைன், பாட்டுச் சத்தம், விலை டொலரில், பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். படம் கீறினவனின் அம்மா ஒரு மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பக்கத்து ஒழுங்கைச் சனம் மதிலுக்கு வெளியே நின்று லைட்டைப் பார்த்துவிட்டுப் போகும். இந்த இரண்டு வகையிலும் உள்ளே வராமல் போகிறவர்கள் ஒரே ஆட்கள்தான் என்பதைக் கவனி. உன் இடத்தில் அவர்கள் உள்ளே வரவேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதனால் நாள் பார்ப்பதில் இருந்து தொடங்குவோம். திறப்பு விழாவைப் போயா நாளில், பௌர்ணமியன்று, வை. சிரிக்காதே, யோசித்துத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு பௌர்ணமியும் நாடு முழுக்க அரச விடுமுறை. பள்ளிக்கூடமும் இல்லை, கந்தோரும் இல்லை. அன்றைக்குச் சாராயம் விற்கக் கூடாது. ஆகவே வயதுக்கு வந்த பெண்பிள்ளையை ஹோட்டல் பக்கம் அனுப்ப யோசிக்கிற தாய்தகப்பனுக்கு உன் இடத்தைப் பற்றிப் பயம் இருக்காது. தாங்களும் கூட வருவார்கள். தேத்தண்ணிக் கேத்தலுக்குள் பியர் ஊற்றி வெள்ளைக்காரருக்குக் கொடுக்கிற கெட்டித்தனம் இந்தக் கரையில் உண்டு, எனக்குத் தெரியும். உன்னிடம் அது இருந்தால் அன்றைக்காவது விட்டுவிடு. மாதம் ஒன்று என்று நீயே சொன்னாய். போயாவும் மாதம் ஒன்று. யாருக்கும் திகதி நினைவூட்டத் தேவையில்லை, கலண்டரே சொல்லும்.

நேரம் நாலு மணி. நாலு மணிக்குக் கதவு திறந்தே இருக்கவேண்டும், வெட்ட ரிபன் கட்டாதே. மஃரிப் தொழுகைக்குப் போகிறவர்கள் போகலாம், கோயிலுக்குப் போகிறவர்களும் போகலாம். பஸ் பிடித்துச் சாம்பல்தீவுக்கோ டவுனுக்கோ போகிற பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரலாம். யாராவது பேசித்தான் ஆகவேண்டும் என்றால் கீறினவர் ஐந்து நிமிடம் பேசட்டும், ஒரு படத்தின் முன்னால் நின்று, அந்தப் படத்தைப் பற்றி மட்டும். சாப்பிட வடையும் அவித்த கடலையும் இஞ்சிப் பிளேன்ரீயும் போதும்.

சீசன் விஷயத்தில் உன் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. ஏப்ரல், மே தொடங்கிச் செப்டம்பர் வரை கடல் அமைதி, அறைகள் நிறையும், படமும் இரண்டொன்று விற்கும். சரி, அந்த மாதங்களில் வை. ஆனால் ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்து, தை மாதம் வரை கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கும்போது நீ மண்டபத்தைப் பூட்டிவிடுவாய் என்று பயப்படுகிறேன். ஊர்ச்சனத்துக்கு ஓய்வாக வந்து இருக்க அந்த மாதங்கள்தான் நல்லது. அறைகளும் சும்மாதானே கிடக்கும்? மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நுண்கலை படித்து முடித்துவிட்டு, கீற ஒரு அறை இல்லாமல் வீட்டுக் குசினி மேசையில் கீறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு கிழமை ஒரு அறை கொடு. வாடகைக்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் அயல் சிறுவர்களுக்கு வகுப்பு எடுக்கட்டும்.

இனி யாருடைய படங்கள் என்ற கேள்வி. நீ "ஆர்ட்டிஸ்ட்" தேடுகிறேன் என்று இன்ஸ்டகிராமில் போட்டால் என்ன வரும் என்று இப்போதே சொல்கிறேன்: கோணேசர் மலையில் சூரிய உதயம், இராவணன் வெட்டு, கோட்டைப் புள்ளிமான், புறாத்தீவுப் பவளப்பாறை, திரும்பவும் கோணேசர் மலையில் சூரிய உதயம். முப்பது வருடத்துக்கு மேல் இவற்றுக்குப் புள்ளி போட்டவள் நான். கீறவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோட்டை வாசலால் எத்தனை தரம் போய்வந்திருப்பாய், அந்தக் கல்லில் செதுக்கிய இரண்டு மீன்களை ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறாயா? 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். பாண்டியரின் கயல் அந்தக் கல்லோடு வாசலுக்கு வந்து சேர்ந்தது. மலையை எல்லாரும் கீறுகிறார்கள். அந்த மீன்களைக் கீறிக்கொண்டு என்னிடம் யாரும் வந்ததில்லை.

என்னைக் கேட்டால் உன் முதல் கண்காட்சிக்கு ஆட்கள் திருக்கடலூர்க் கரையில் இருக்கிறார்கள். போட்டுகளைப் போய்ப் பார். கண்ணாடி இழைப் படகின் அணியத்தில், அதுதான் முன்பக்கத்தில், வேளாங்கண்ணி மாதா, முருகன், பிள்ளைகளின் பெயர்கள், நடிகர்கள், சுறா, கழுகு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்படி, வளைந்த பரப்பில், அளவுகோல் இல்லாமல், எனாமல் பெயின்டில் கீறுகிறார்கள். வளைவில் ஒரு முகத்தைக் கோணாமல் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று கீறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இவர்களில் சிலர் முன்பு கடைப் பெயர்ப்பலகை எழுதினவர்கள். டிஜிட்டல் பனர் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் எங்கே வரவேண்டும் என்று அவர்களின் கைக்குத் தெரியும். கணினியில் எழுத்துரு தேடுகிற பிள்ளைகளுக்கு அவர்கள் பக்கத்தில் ஒரு பின்னேரம் இருந்தால் போதும்.

அதேபோல நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிற பந்தல்களைச் செய்கிற பெடியள். ரெஜிபோமும் மூங்கிலும் கலர்க் கடதாசியும் வைத்து ஒரு கோபுரத்தையே எழுப்புகிறார்கள், திருவிழா முடிந்ததும் பிரித்துக் குப்பைக்குப் போடுகிறார்கள். இரவிரவாகச் சனம் தெருத்தெருவாகப் போய், எந்த ஒழுங்கைப் பந்தல் திறம் என்று விவாதித்துக்கொண்டே திரியும். ஊரில் ஏற்கனவே இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது: நின்று பார்க்கிறது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகிறது, சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. அந்தச் சனத்தைப் பார்த்துக் கலை ரசனை இல்லை என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. மண்டபத்தில் அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் மேடையில் மைக் பிடித்தவர்கள்.

படகு கீறுகிறவரின் பலகையும், கல்லடியில் படித்த பிள்ளையின் கன்வஸும் ஒரே சுவரில் வரட்டும். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போட்டால் மற்றவர் பெயருக்குப் பக்கத்தில் படகின் பெயரைப் போடு.

இதெல்லாம் பெரிய நிறுவனம் செய்யவேண்டிய வேலை என்று நினைக்காதே. 1943இல் கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடின சில ஓவியர்கள்தான் 43 குழு. ஜோர்ஜ் கீற்றும் ஜஸ்டின் தெரணியகலவும் ஐவன் பீரிஸும் அதில் இருந்தார்கள். இலங்கை ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கூடுவதற்கு ஒரு வீடு இருந்தது, அடிக்கடி கூடினார்கள்.

சுவர் விஷயம் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் கடலுக்கு இவ்வளவு கிட்ட யாரும் படம் மாட்டமாட்டார்கள். இரும்பு ஆணி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துச் சுவரில் செம்மஞ்சள் கோடு இறக்கும். பித்தளைக் கொக்கி அல்லது துருப்பிடிக்காத உருக்கு வாங்கு. கயிற்றுக்குப் பதிலாக மீன்பிடிக்கிற தங்கூசி போதும், பாரம் தாங்கும், கண்ணுக்கும் தெரியாது. முடிச்சுப் போட மட்டும் கடலுக்குப் போகிற ஒருவரைக் கூப்பிடு. நாங்கள் போடுகிற முடிச்சு வழுகும். கடதாசியில் கீறின படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட விடாதே, இடையில் மவுண்ட் அட்டை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் ஒட்டி, பூஞ்சணம் பிடித்து, பிரிக்கும்போது வர்ணத்தோடு வரும். நீர்வர்ணப் படங்களைக் கிழக்குச் சுவரில் இருக்கிற யன்னலுக்கு எதிரே மாட்டாதே. விடியற்காலை வெயில் நேரே விழுந்தால் சில மாதத்தில் சிவப்பு வெளிறிவிடும். படத்தின் நடு நிலத்திலிருந்து நாலே முக்கால் அடியில் வரவேண்டும் என்பது காலரிக்காரர் வைத்திருக்கிற கணக்கு. உன் இடத்துக்குச் சிறுவர்கள் நிறைய வருவார்கள், அரை அடி இறக்கினாலும் குற்றமில்லை.

விலையை ரூபாயில் எழுது. காலரிகள் விற்ற விலையில் மூன்றில் ஒன்று, சில இடங்களில் பாதி எடுப்பதும் உண்டு. உனக்குக் கறண்ட் பில் வருகிறது, தெரியும். ஐந்தில் ஒன்று எடு, எடுப்பதை எழுதி ஒட்டு. விற்ற படத்தை அன்றைக்கே கழற்றிக் கொடுக்காதே. கண்காட்சி முடியும்வரை சிவப்புப் புள்ளியோடு தொங்கட்டும். ஒரு படகுப் பலகைக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருப்பதைத் திருக்கடலூர்ச் சனம் பார்க்கவேண்டும்.

பெயர்ச்சீட்டு மூன்று மொழியிலும் இருக்கட்டும். கொழும்பில் 2019 டிசம்பரில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். கூகிளில் போட்டு மொழிபெயர்க்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். சிங்களத்துக்கு உன் பக்கத்துக் கடைக்காரரையே கேட்கலாம், அந்தச் சாட்டில் அவரும் வருவார்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன். மண்டபத்துக்குள் வருகிற ஒவ்வொரு படத்தையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, கீறினவர் பெயர், ஆண்டு, அளவு, என்ன வர்ணம், யார் வாங்கினார் எல்லாம் எழுதி, இரண்டு இடத்தில் வை. ஒன்று கட்டாயம் கடலுக்குத் தூரத்தில் இருக்கட்டும். யாழ்ப்பாணத்து அ. மாற்கு மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே எத்தனையோ பேருக்குக் கீறக் கற்றுக்கொடுத்தவர். 1995 யுத்த இடப்பெயர்வில் அவருடைய படங்கள் எவ்வளவோ இல்லாமல் போயின. எங்கள் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளின் சித்திரக் கொப்பிகளை மணலில் பொறுக்கினோம். இந்தப் பட்டியல் வேலைக்கு உனக்குப் பொறுமை இல்லை என்றால் சொல்லு, என்னுடைய பழைய மாணவி ஒருத்தியை அனுப்புகிறேன். அவளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். அன்பளிப்பு, பொன்னாடை எதுவும் எடுக்கமாட்டாள்.

நீ என்னைப் பேசக் கூப்பிட்டதற்கு நன்றி, பேசமாட்டேன். ஆனால் முதல் படங்களை மாட்டுகிற அன்றைக்கு வருகிறேன். மேசன் வந்தால் சுவருக்கு அந்த நீல நிறத்தை அடிக்க விடாதே, வெள்ளை போதும். அளவு நாடாவும் புதிதாக ஒன்று வாங்கி வை. உன்னிடம் இருக்கிற நாடாவில் முதல் ஆறு அங்குலம் அறுந்து போய்க் கிடக்கிறது.

அன்புடன்,
அக்கா