டிவி அகலமானது, சிவாஜியின் கன்னமும் அகலமானது: ஒரு திறந்த மடல்

இந்தியாவில் டிவி விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அந்த டிவியோடு சேர்ந்து ஓடவேண்டிய செட்டாப் பாக்ஸைத் தரும் கேபிள், டிடிஎச் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு ஹாலில் சிமென்ட்டில் கட்டிய ஷோகேஸ் ஒன்று உண்டு. வீடு கட்டும்போதே 21 அங்குல டிவியை அளவெடுத்து, நடுவில் அதற்கென்று ஒரு பொந்து விட்டுக் கட்டச் சொன்னார் அப்பா. அந்தக் காலத்தில் கட்டிய பாதி வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். போன தீபாவளிக்கு 43 அங்குல டிவி வாங்கினோம். (32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால்தான் அப்பா இறங்கி வந்தார். அதுவரை "இருக்கறது நல்லாத்தானே ஓடுது" என்பதே பதில்.) 43 என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் முப்பத்தேழரை அங்குலம், உயரம் 21 அங்குலம். பொந்துக்குள் அது நுழையவே இல்லை. எதிர்ச் சுவரில்தான் மாட்ட முடிந்தது. கேபிள் ஒயரும் பிளக் பாயின்ட்டும் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. வாசல் நிலைக்கு மேலே ஆணி அடித்து ஒயரை இழுத்தோம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டோம். இதற்கு உங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் டெமோவுக்கு ஒரு தம்பி வந்தார். அவர் வரும்வரை அட்டைப்பெட்டியைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் வாரன்ட்டி சிக்கல் என்று கடையில் சொல்லியிருந்ததால் அப்பா அதை ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். தம்பி நல்ல பிள்ளை. சுவரில் துளை போட்டு, பட்டை மாட்டி, மட்டம் பார்த்து நிறுத்தினார். அன்றைக்கு அவருக்கு இன்னும் ஆறேழு வீடு பாக்கி. படத்தையும் ஒலியையும் ஒரே ஒயரில் தெளிவாகக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஒயர் உங்கள் பெட்டிக்குள் இல்லை. கேபிள் பாக்ஸ் எச்டி பாக்ஸ்தான், ஆனால் அதோடு வந்தது பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். டிவியின் பின்னால் மஞ்சள் சிவப்பு ஓட்டைகளே இல்லை. ஹெட்போன் மாட்டுவது மாதிரி ஒரே சின்ன ஓட்டை. நல்லவேளை, அதற்கான இணைப்பு ஒயர் பெட்டிக்குள் இருந்தது. (அது தொலைந்துபோய்க் கடையில் வேறொன்று வாங்கினால், பார்க்க ஒரே மாதிரி இருந்தும் உள்ளே தொடுமுனை வரிசை மாறியிருக்கும். படம் வர வேண்டிய இடத்தில் 'கிர்' என்று சத்தம்தான் வரும்.) தம்பி அதைச் செருகினார், படம் வந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது அப்பா கேட்டிருக்கிறார்: "தம்பி, ஏன் எல்லாரும் குண்டாத் தெரியறாங்க?"

"பெரிய டிவின்னா அப்படித்தான் சார் இருக்கும். போகப்போகப் பழகிடும்."

பழகிவிட்டது. அதுதான் என் வருத்தம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவும் அம்மாவும் ஒரு பழைய சிவாஜி படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதருக்கு இருந்த கன்னம் போதாதென்று பக்கத்துக்கு அரை அங்குலம் கூட்டிவைத்திருந்தது உங்கள் டிவி. சேனலின் வட்ட முத்திரை கோழிமுட்டையாக இருந்தது. மூன்று மாதமாக இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் படமெல்லாம் எடுத்தது ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற வடிவத்தில். பழைய டிவியின் கண்ணாடியும் அதே வடிவம்தான், அதனால் ஒட்டிக்கொண்டது. இப்போதைய திரை 16-க்கு 9. நாலுக்கு மூன்றை அதில் ஒழுங்காகக் காட்டினால், 43 அங்குல டிவியில் இரண்டு பக்கமும் சுமார் நாலே முக்கால் அங்குலம் கறுப்பாக நிற்கும். காசு கொடுத்து வாங்கிய திரையில் இடம் வீணாகிறதே என்று எந்த வீட்டிலும் மனசு பதறும். அந்தப் பதற்றத்தைத் தெரிந்துகொண்டுதானே படத்தை இழுத்து நிரப்பும் அமைப்பை முதலிலேயே போட்டு அனுப்புகிறீர்கள்? இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது. இழுக்காமல் 'ஜூம்' போட்டால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படுகிறது: மேலே தலை, கீழே ஓடும் செய்தி.

நான் முதலில் டிவி கம்பெனிக்குப் போன் செய்தேன். "பாக்ஸ் பக்கம் பிரச்சினை சார்" என்றார்கள். கேபிள் அலுவலகத்தில் கேட்டால் "டிவி செட்டிங் சார்." ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுகிறார்கள் என்று கோபம் வந்தது. உட்கார்ந்து நோண்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

படத்தின் வடிவம் இரண்டு இடத்தில் தீர்மானமாகிறது. பாக்ஸின் மெனுவில் ஒன்று, டிவியின் மெனுவில் ஒன்று. பாக்ஸ் நாலுக்கு மூன்று படத்தைத் தானே இழுத்து 16-க்கு 9 ஆக்கி அனுப்பிவிட்டால், டிவிக்கு வந்து சேர்வது முழு அகலப் படம். வடிவத்தை டிவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதில் 'ஆட்டோ' போட்டு என்ன பயன்? அதற்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. பாக்ஸை மட்டும் சரிசெய்துவிட்டு டிவியை இழுக்கும் அமைப்பில் விட்டாலும் அதே குண்டு முகம். இன்னொரு கூத்தும் உண்டு: சேனலே அகலப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து நாலுக்கு மூன்றாக்கி அனுப்ப, டிவி இரு பக்கமும் பட்டை வைக்க, நடுவில் தபால்தலை மாதிரி ஒரு படம் நிற்கும். அங்கே மட்டும்தான் ஜூம் நியாயம். அதற்காக எல்லாக் கறுப்புப் பட்டையும் தப்பு என்று ஆகிவிடாது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-இல் வந்தது. அதை முழுசாகக் காட்டினால் இந்தத் திரையிலும் மேலே கீழே பட்டை வரத்தான் செய்யும்.

மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டுக் கடைத்தெருவில் எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று வாங்கி மாட்டினேன். அப்பா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "எழுத்தெல்லாம் தெரியுதேடா!" பின்னே? மஞ்சள் ஒயரில் வருவது அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள். எங்கள் 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபதில் ஒரு பங்கு. இருபது படி கொள்ளும் அண்டாவில் ஒரு படி அரிசியைப் போட்டுவிட்டு மூன்று மாதம் சமைத்திருக்கிறோம். அந்த ஒரு ஒயரை உங்களில் யாராவது ஒருவர் பெட்டிக்குள் போட்டிருக்கலாம்.

அப்போதும் செய்தி ஓடும் வரி பாதி வெட்டியே இருந்தது. பழைய குழாய் டிவியில் படத்தின் விளிம்பு செட்டுக்குச் செட்டு மாறும் என்பதால் ஓரத்தைச் சட்டத்துக்குள் ஒளித்துவைத்தார்கள். தட்டைத் திரையில் அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் ஓரத்தை வெட்டும் பழக்கத்தை நீங்கள் விடவில்லை. அதை நிறுத்தும் இடத்துக்கு ஒரு கம்பெனி 'ஜஸ்ட் ஸ்கேன்' என்கிறது, இன்னொன்று 'ஸ்கிரீன் ஃபிட்' என்கிறது. மெனுவில் தமிழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்களால் முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. படத்தின் அசைவை வழவழவென்று ஆக்கி சினிமாவைச் சீரியல் மாதிரி காட்டுகிறீர்கள் என்று ஸ்கார்செஸி, நோலன் போன்ற ஹாலிவுட் இயக்குநர்கள் குரல் கொடுத்தார்கள். 2019-இல் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று அறிவித்தீர்கள். அதைப் போட்டால் வழவழப்பு போய்விடும், படம் எடுத்த வடிவத்திலேயே நிற்கும். ஹாலிவுட் கேட்டதும் முடிந்தது கும்பகோணத்துக்கு ஏன் முடியாது? ரிமோட்டில் ஓடிடி கம்பெனிகளுக்கு நாலு பொத்தான் விற்றிருக்கிறீர்களே, படத்தின் வடிவத்துக்கு ஒன்று ஒதுக்குங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இழுக்காத அமைப்பில் அனுப்புங்கள், வேண்டியவர் இழுத்துக்கொள்ளட்டும். டெமோ தம்பிக்கு ஒரு நாளைக்கு இரண்டு வீடு குறைத்துக் கொடுத்தால் அவர் கேபிள் பாக்ஸின் மெனுவையும் திறந்து பார்ப்பார். அது தன் வேலை இல்லை என்று இப்போது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கேபிள் நிறுவனத்தாரே, நீங்களும் பாக்ஸ் கொடுக்கும் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில் இருப்பது பழைய டிவியா, புதுசா?

ஒலியைப் பற்றி ஒரு வரி போதும். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே, தரையைப் பார்த்து வைத்தால் எழுபது வயதுக்காரர்களுக்கு வசனம் கேட்காது.

நான் ஊரிலிருந்து கிளம்புவதற்குமுன் அப்பா தன் டைரியை எடுத்து என்னை உட்காரவைத்து எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"முதலில் பாக்ஸ் சுவிட்ச், பிறகு டிவி. சோர்ஸ் பட்டன், எச்டிஎம்ஐ 1. பழைய படத்துக்கு இரு பக்கமும் கறுப்பு வரும், அதுதான் சரி, எதையும் அமுக்க வேண்டாம். முத்திரை முட்டையாக இருந்தால் முதலில் பாக்ஸ் மெனு, அப்புறம் டிவி மெனு. மேகம் கறுத்தால் இடிக்குமுன் கேபிள் ஒயரையும் பிளக்கையும் கழற்றவும். இடி ஒயர் வழியாக வந்தால் டிவி, பாக்ஸ் இரண்டும் போகும்."

உங்கள் அட்டைப்பெட்டிக்குள் பல மொழிகளில் வந்த கையேட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. நகல் வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். அப்பாவின் கையெழுத்து கொஞ்சம் சாய்வாக இருக்கும், ஆனால் எழுத்தை அவர் இழுத்து எழுதுவதில்லை.

இப்படிக்கு,
கும்பகோணத்து வாடிக்கையாளர் ஒருவரின் மகன்